அடுக்குமாடி வீட்டில் இராஜபாளையம் நாய் வளர்க்கலாமா?

சிதம்பரத்துத் தேர் வீதிகளில் இன்னும் சில பழைய வீடுகள் இருக்கின்றன. வாசலில் திண்ணை, உள்ளே ரேழி, அதைத் தாண்டினால் முற்றம், கடைசியில் கிணறும் தென்னை மரமும் உள்ள கொல்லை. இப்படிப்பட்ட வீட்டில் ஒரு நாய் இருந்தால் அதற்கு என்ன குறை? பகலில் திண்ணையடி நிழலில் படுத்திருக்கும். இரவில் கொல்லையைச் சுற்றி வரும். யாராவது வேலி ஏறினால் குரைக்கும். அப்படிக் குரைத்ததற்காக வீட்டுக்காரர் அதைப் பாராட்டவும் செய்வார்.

இனி கடலூருக்கு வாருங்கள். மஞ்சக்குப்பத்துப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது மாடியில் ஒரு வீடு. இரண்டு அறைகள், ஒரு கூடம், ஒரு சமையலறை, நான்கு பூந்தொட்டி வைத்தால் நிறைந்துவிடும் ஒரு பால்கனி. வாசற்கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக் கதவு. அந்த வீட்டுப் பிள்ளை தன் தந்தையிடம், "அப்பா, ஓர் இராஜபாளையம் நாய்க்குட்டி வாங்கித் தாருங்கள்" என்று கேட்கிறான். தந்தை, "வீடு சிறியது, நாய் பெரியது. முடியாது" என்கிறார்.

தந்தையின் முடிவு சரியாக இருக்கலாம். ஆனால் அவர் சொன்ன காரணம் சரியா? இதைத்தான் நாம் ஆராயப் போகிறோம். இது விளையாட்டான கேள்வி அன்று. ஒரு நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழும். யோசிக்காமல் வாங்கிய நாயை ஆறு மாதம் கழித்துத் தெருவில் விட்டுவிடுபவர்களும் உண்டு. அதுவரை சோற்றுக்கும் அன்புக்கும் ஒரே வீட்டை நம்பியிருந்த பிராணி, தெரு நாய்களுக்கு நடுவே என்ன பாடுபடும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே கணக்கை முன்கூட்டியே போட்டுவிடுவது நல்லது.

நாயின் தொழில் என்ன?

நாய் இனங்களை மனிதன் அழகுக்காக மட்டும் உருவாக்கவில்லை. ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு தொழில் இருந்தது. இராஜபாளையம் நாய் இன்றைய விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. பால் போன்ற வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் அதன் அடையாளங்கள். தோள் வரை அளந்தால் ஏறத்தாழ 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். காட்டுப்பன்றி வேட்டைக்கும், தோட்டம் துரவுகளைக் காவல் காப்பதற்கும் அதை வளர்த்தார்கள். 2005ஆம் ஆண்டு ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய் இனங்கள் நான்குக்குத் தபால்தலை வெளியிட்டது. அவற்றுள் இராஜபாளையமும் ஒன்று.

நாம் அல்சேஷன் என்று சொல்லிப் பழகிய நாயின் இன்றைய பெயர் ஜெர்மன் ஷெப்பர்டு. அதன் தொழில் ஆடு மேய்ப்பது. இன்று கடைகளில் பெருமையாக விற்கப்படும் நீலக்கண் நாயான சைபீரியன் ஹஸ்கியின் தொழில் பனிச்சறுக்கு வண்டி இழுப்பது. 1925ஆம் ஆண்டு அலாஸ்காவில் நோம் என்ற ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, சுமார் 1,000 கிலோமீட்டர் பனிவெளியைக் கடந்து மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவை இத்தகைய வண்டி நாய்கள்தாம்.

இப்போது ஓர் உண்மை விளங்குகிறதல்லவா? அந்நியரைக் கண்டால் குரைக்க வேண்டும் என்று பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த நாயை நாம் வாங்குகிறோம். பிறகு, "ஐயோ, இது குரைக்கிறதே!" என்று வருந்துகிறோம்.

குரைப்பில் இத்தனை வகையா?

ஓநாயும் நாயும் ஒரே மூதாதையிலிருந்து வந்தவை. ஆனால் வளர்ந்த ஓநாய் மிக அரிதாகவே குரைக்கும். நாயோ எதற்கெடுத்தாலும் குரைக்கும். மனிதனோடு சேர்ந்து வாழத் தொடங்கிய பிறகே குரைப்பு இந்த அளவுக்கு வளர்ந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

எல்லாக் குரைப்பும் ஒன்றல்ல. சோபியா யின் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் நாய்களின் குரைப்புகளைப் பதிவு செய்து 2002ஆம் ஆண்டில் தம் ஆய்வை வெளியிட்டார். வாசல் மணி ஒலித்தபோது குரைத்த குரைப்பு தாழ்ந்த சுருதியில், கரகரப்பாக, இடைவெளியின்றி வந்தது. தனியே விடப்பட்ட நாயின் குரைப்பு உயர்ந்த சுருதியில், விட்டுவிட்டு ஒலித்தது. ஹங்கேரி நாட்டு ஆய்வாளர்கள் இத்தகைய பதிவுகளைப் பொதுமக்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். நாய் எந்தச் சூழ்நிலையில் குரைத்தது என்பதை, நாய் வளர்க்காதவர்கள்கூட வெறும் ஊகத்தை விட நன்றாகவே கண்டுபிடித்தார்கள்.

இது நமக்கு எதற்கு உதவும்? "நாய் குரைக்கிறது" என்பது நோயின் பெயர் அன்று, அறிகுறி மட்டுமே. காய்ச்சலுக்குக் காரணம் பல இருப்பதுபோல் குரைப்புக்கும் காரணம் பல. எச்சரிக்கைக் குரைப்புக்கு ஒரு வழி, தனிமைக் குரைப்புக்கு வேறு வழி.

32 × 32

இனி ஒலிக்கு வருவோம். ஒலியின் அளவை டெசிபெல் என்ற அலகால் குறிக்கிறோம். அருகில் இருவர் பேசுவது சுமார் 60 டெசிபெல். ஆஸ்திரேலியாவில் சார்லி என்ற நாய் 2012ஆம் ஆண்டில் 113.1 டெசிபெல் அளவுக்குக் குரைத்து உலகச் சாதனை படைத்தது. நம் நாய் அவ்வளவு தூரம் போகவேண்டாம். ஒரு மீட்டர் தொலைவில் 90 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். இது பெரிய நாய்க்கு எளிதில் எட்டும் அளவுதான்.

திறந்த வெளியில் ஒலி நாலாபுறமும் பரவுகிறது. தொலைவு இரண்டு மடங்கானால் அதே ஆற்றல் நான்கு மடங்குப் பரப்பில் விரிகிறது. ஆகவே ஒலிச் செறிவு நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. டெசிபெல் கணக்கில் சொன்னால் ஒவ்வொரு முறை தொலைவு இரட்டிக்கும்போதும் 6 டெசிபெல் குறையும்.

இராஜபாளையத்தில் ஒரு தோட்டத்தைக் கற்பனை செய்யுங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரரின் வீடு 128 மீட்டர் தொலைவில் இருக்கிறது. 1, 2, 4, 8, 16, 32, 64, 128 என்று ஏழு முறை இரட்டிக்கிறோம். 7 × 6 = 42. எனவே அவர் காதில் விழுவது 90 − 42 = 48 டெசிபெல். வீட்டுக்குள் மெதுவாகப் பேசுவது போன்ற ஒலி. அவர் புரண்டு படுத்துத் தூங்கிவிடுவார்.

இப்போது அதே நாயைக் கடலூர் மாடி வீட்டுச் சன்னலோரம் நிறுத்துங்கள். அடுத்த வீட்டுச் சன்னல் நான்கு மீட்டரில் இருக்கிறது. கடற்காற்றுக்காக இரண்டு சன்னல்களும் திறந்திருக்கின்றன. இரண்டே முறை இரட்டிப்பு. 90 − 12 = 78 டெசிபெல்.

48க்கும் 78க்கும் வித்தியாசம் 30 தானே என்று நினைத்துவிடாதீர்கள். டெசிபெல் அளவில் ஒவ்வொரு 10க்கும் ஒலிச் செறிவு பத்து மடங்கு கூடும். 30 டெசிபெல் என்றால் 10 × 10 × 10, அதாவது ஆயிரம் மடங்கு! வேறு வழியிலும் சரிபார்க்கலாம். 128 மீட்டர் என்பது 4 மீட்டரைப் போல் 32 மடங்கு. 32 × 32 = 1,024. இரண்டு கணக்கும் ஒத்துப்போகின்றன பாருங்கள்.

நாய் மாறவில்லை. அதன் தொண்டை மாறவில்லை. அண்டை வீட்டுக்காரரின் காதைச் சேரும் ஒலிச் செறிவு மட்டும் ஆயிரம் மடங்காகிவிட்டது. "அந்த நாய்க்குப் பைத்தியம்" என்று அவர் கத்தினால் அதில் நாயின் குற்றமும் இல்லை, அவருடைய குற்றமும் இல்லை. தொலைவு சுருங்கிப் போனதே காரணம்.

மெத்தைகளைத் தூக்கிச் சென்ற பேராசிரியர்

புதிதாகக் கட்டி முடித்த வெறும் அறையில் கை தட்டியிருக்கிறீர்களா? "ணங்" என்று ஒலி சற்று நேரம் சுழன்றுகொண்டே இருக்கும். இதற்கு எதிர்முழக்கம் என்று பெயர். 1895ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு புதிய சொற்பொழிவுக் கூடத்தில் இந்தக் குறை இருந்தது. பேச்சாளர் பேசிய சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்து மோதியது. வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியர் வேறோர் அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து கூடத்தில் பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தைகள் கூடக்கூட நேரம் குறைந்தது. அதிலிருந்து அவர் கண்ட சூத்திரம் எளியது. அறையின் கன அளவை 0.16ஆல் பெருக்கி, அறையிலுள்ள ஒலி உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் கிடைக்கும்.

நம் கூடத்துக்குப் போட்டுப் பார்ப்போமா? நீளம் 4 மீட்டர், அகலம் 3, உயரம் 3. கன அளவு 36. சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்த பரப்பு 66 சதுர மீட்டர். சிமெண்டுப் பூச்சும் தரை ஓடுகளும் தம்மேல் விழும் ஒலியில் நூற்றுக்குச் சுமார் 3 பங்கைத்தான் உறிஞ்சும். ஆகவே உறிஞ்சும் பரப்பு ஏறத்தாழ 2. எதிர்முழக்க நேரம் 0.16 × 36 ÷ 2 = 2.9 வினாடி. தடித்த திரை, கோரைப்பாய், மெத்தை, துணிகள், புத்தக அலமாரி என்று நிரப்பி உறிஞ்சும் பரப்பை 10 ஆக்கினால் நேரம் 0.6 வினாடியாகக் குறையும். அறைக்குள் நிறைந்திருக்கும் ஒலியும் சுமார் 7 டெசிபெல் தணியும்.

மாடிப்படிக் கூண்டைப் பாருங்கள். அங்கே திரையும் இல்லை, மெத்தையும் இல்லை. நாலு மாடிக்கும் சேர்த்து ஒரே சிமெண்டுக் குழாய் அது. வாசற்கதவருகே நாய் குரைத்தால் அந்தக் குழாய் முழுவதும் முழங்கும். ஆகவே நாயின் படுக்கையை வாசற்கதவருகிலும் வைக்கக்கூடாது, திறந்த சன்னலோரத்திலும் வைக்கக்கூடாது. உள்ளறையில் வைக்க வேண்டும்.

நாய்க்குக் குரைக்கக் கற்றுக்கொடுத்தது யார்?

தபால்காரர் வருகிறார். நாய் குரைக்கிறது. தபால்காரர் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். கடிதம் கொடுத்தாயிற்று, அதனால் போனார் என்பது நமக்குத் தெரியும். ஆனால் நாயின் கணக்கு வேறு. "நான் குரைத்தேன், அந்நியர் ஓடிவிட்டார். நாளையும் இப்படியே செய்ய வேண்டும்!"

ஒரு செயலுக்கு நல்ல விளைவு கிடைத்தால் அந்தச் செயல் மீண்டும் மீண்டும் நிகழும். எட்வர்டு தார்ண்டைக் என்ற உளவியல் அறிஞர் பூனைகளைப் பெட்டிக்குள் வைத்து ஆராய்ந்து 1898ஆம் ஆண்டில் இதை எடுத்துக்காட்டினார். இந்த விதியை நம் மாடி வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். தோட்டத்து நாய் ஒரு நாளில் பார்க்கும் அந்நியர் இரண்டு மூன்று பேர். மாடி வீட்டு நாயின் கதவைக் கடந்து பால்காரர், கூரியர்காரர், சிலிண்டர் கொண்டுவருபவர், மேல்வீட்டுப் பிள்ளைகள் என்று நாள் முழுவதும் ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் கதவருகே வருகிறார்கள், நாய் குரைக்கிறது, போய்விடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் நாய்க்கு வெற்றி! மாடிப்படி, குரைப்புக்கு ஒரு பயிற்சிப் பள்ளியாகிவிடுகிறது.

கற்றுக்கொண்டதை மாற்றிக் கற்பிக்கவும் முடியும். இவான் பாவ்லவ் என்ற ரஷ்ய அறிஞரின் நாய்களைப் பற்றிப் படித்திருப்பீர்கள். உணவு வருமுன் ஓர் ஒலியைக் கேட்டுப் பழகிய நாய்க்கு, பிறகு அந்த ஒலியைக் கேட்டாலே வாயில் உமிழ்நீர் ஊறியது. அதுபோல, வாசல் மணியை மெல்ல ஒலிக்கச் செய்து, உடனே உள்ளறைப் பாயில் ஒரு சிறு தீனித் துண்டைப் போடுங்கள். தினம் சில முறை, பல வாரங்கள் இப்படிச் செய்தால், மணி அடித்ததும் நாய் கதவுக்கு ஓடாமல் பாய்க்கு ஓடக் கற்றுக்கொள்ளும். அடிப்பதும் கத்துவதும் பயன்படா. நீங்கள் கத்தினால், "இவரும் என்னோடு சேர்ந்து குரைக்கிறார்" என்று நாய் உற்சாகம் கொண்டாலும் வியப்பில்லை.

தனிமைக் குரைப்புக்கு இந்த வைத்தியம் உதவாது. அப்பா அலுவலகம், அம்மா பள்ளிக்கூடம், பிள்ளைகள் டியூஷன் என்று காலை எட்டு முதல் மாலை ஆறு வரை வீடு பூட்டிக் கிடந்தால், அந்த நாய் அழுவதற்குத்தான் குரைக்கிறது. அதற்கு மருந்து துணை ஒன்றே.

துணி காயாத நாளில் நாய்

கடலூரும் சிதம்பரமும் கடற்கரையை ஒட்டிய ஊர்கள். கத்திரி வெயில் காலத்தில் முற்பகலில் மேற்கிலிருந்து அனல்காற்று வீசும். பிறகு கடற்காற்று வந்து வெப்பத்தைத் தணிக்கும், ஈரத்தையும் கூட்டும்.

நமக்கு உடலெங்கும் வியர்வைச் சுரப்பிகள் உண்டு. வியர்வை ஆவியாகும்போது உடலின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 580 கலோரி வெப்பம் வேண்டும். நாய்க்கோ வெப்பத்தைத் தணிக்கும் வியர்வை பெரும்பாலும் பாதங்களில்தான். அது நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து, நாக்கிலும் மூச்சுப் பாதையிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கி வெப்பத்தைப் போக்குகிறது. சாதாரணமாக நிமிடத்துக்கு முப்பது முறைக்குள் மூச்சு விடும் நாய், இரைக்கும்போது முந்நூறு முறைக்கு மேலும் மூச்சு விடும்.

மழை நாளில் கொடியில் போட்ட துணி ஏன் காய்வதில்லை? காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருப்பதால் நீர் ஆவியாவது குறைகிறது. அதே காரணத்தால் புழுக்கமான நாளில் நாய் எவ்வளவு இரைத்தாலும் அதன் நாக்குக் காய்வதில்லை, உடலும் குளிர்வதில்லை. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். அது 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. மின்விசிறியைப் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. நம் வியர்வையை விரைவில் ஆவியாக்குகிறது. உடல் முழுதும் வியர்க்காத நாய்க்கு அதனால் கிடைக்கும் பயன் குறைவு.

இராஜபாளையம் நாய்க்கு முடி குட்டை. நம் தென்னாட்டு வெயிலில் தலைமுறை தலைமுறையாகப் பழகியது. அதற்கும் நிழலும் நீரும் வேண்டும் என்றாலும் சமாளித்துக்கொள்ளும். பனிக்குளிருக்காக இரட்டை அடுக்கு ரோமம் வளர்த்த ஹஸ்கியின் நிலை என்ன? சித்திரை மாதத்தில் கம்பளிக் கோட்டைக் கழற்ற முடியாமல் கடலூர்ப் பேருந்து நிலையத்தில் நிற்கும் மனிதனை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ரோமத்தை மழித்துவிடுவதும் தீர்வாகாது. அது வெயிலிலிருந்து தோலைக் காக்கவும் செய்கிறது. ஹஸ்கி உரக்க ஊளையிடும் இனமும்கூட. நம் கடற்கரை ஊர்களில் மாடி வீட்டுக்கு ஹஸ்கி வேண்டாம் என்பதைத் தயங்காமல் சொல்லலாம்.

சதுர அடியா, கிலோமீட்டரா?

மீண்டும் தந்தையின் காரணத்துக்கு வருவோம். "வீடு சிறியது, நாய் பெரியது." வளர்ந்த நாய் ஒரு நாளின் பெரும்பகுதியை ஓய்விலும் தூக்கத்திலும் கழிக்கிறது. அதற்கு ஒரு பாயளவு இடம் போதும். கன்றுக்குட்டி அளவுள்ள கிரேட் டேன் நாய் பொதுவாகச் சாது. மடியில் தூக்கி வைத்துக்கொள்ளும் பொமரேனியன் நாள் முழுதும் குரைத்தே எட்டு வீட்டை எழுப்பிவிடும். ஆகவே நாயின் உருவத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது.

நாய்க்கு வேண்டியது வீட்டுக்கு வெளியே நடக்கும் கிலோமீட்டர்கள். வேட்டைக்கும் காவலுக்கும் பிறந்த இராஜபாளையத்துக்குக் காலையும் மாலையும் நல்ல நடை வேண்டும். கடலூரில் தேவனாம்பட்டினம் கடற்கரையும், சிதம்பரத்தில் ஊர்ப்புறத்துச் சாலைகளும் இருக்கின்றன. ஆனால் நடக்க வைப்பது யார்? தேர்வு நாளிலும், மார்கழிப் பனியிலும், ஐப்பசி அடைமழையிலும் ஒருவர் இறங்கித்தான் ஆக வேண்டும். வெயில் ஏறிய பின் தார்ச் சாலையில் நடத்தக் கூடாது. உங்கள் புறங்கையைச் சாலையில் ஏழு வினாடி வைத்துப் பாருங்கள். உங்களால் பொறுக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் பொறுக்காது.

மாடியில் வளர்ப்போர் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. கடலூர் மாவட்டத்தில் பல இடங்களில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. லிஃப்ட் ஓடாது, நீரேற்றும் மோட்டார் ஓடாது. ஆனால் நாய் ஒரு நாளில் மூன்று நான்கு முறையாவது கீழே இறங்கித்தான் தீர வேண்டும். அது கிழடாகி, கால் வலியோடு இருந்தால் மூன்று மாடிக்கும் தூக்கிச் செல்வது யார்? வீட்டில் இதைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

குடியிருப்போர் சங்கம் நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது என்றும், நாய் குரைப்பதையே காரணம் காட்டித் தடுக்கக் கூடாது என்றும் இந்திய விலங்கு நல வாரியம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகள் கூறுகின்றன. அதே நெறிமுறைகள், நாயால் அண்டை வீட்டாருக்குத் தொல்லை நேராமல் பார்த்துக்கொள்ளும்படி வளர்ப்பவரையும் கேட்டுக்கொள்கின்றன. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளும் இருக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் சூழல் ஒலி பகலில் 55 டெசிபெல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபெல் என்று அவை வரம்பு கட்டியுள்ளன.

உரிமை இருக்கிறது என்பதற்காக அடுத்த வீட்டு நோயாளியின் தூக்கத்தை மறந்துவிடலாமா? குட்டி வாங்குமுன் மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு மூன்றுக்கும் சென்று சொல்லிவிட்டு வாருங்கள். குட்டியை அவர்களுக்கு அறிமுகப்படுத்துங்கள். பிறந்து மூன்றாவது வாரம் முதல் சுமார் பன்னிரண்டாவது வாரம் வரை நாய்க்குட்டி யாரைப் பார்த்துப் பழகுகிறதோ அவர்களிடம் பிற்காலத்தில் அச்சம் கொள்வதில்லை. எதிர்வீட்டுப் பாட்டி அந்த வாரங்களில் ஒரு முறை தடவிக் கொடுத்தால், அது அவருடைய பல ஆண்டுத் தூக்கத்துக்குப் பாதுகாப்பு! வெறிநாய்க்கடித் தடுப்பூசியை உரிய காலத்தில் போடுவதும் அண்டை வீட்டாருக்கு நாம் செய்யும் கடமையே.

வெள்ளை நாயில் ஒரு சோதனை

இராஜபாளையம் குட்டியை வாங்குவோர் அதற்குக் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்கள் உட்காதிலும் இருக்கின்றன. கேட்கும் உறுப்பு உயிரோடு இயங்க அவை தேவை. நிறமே இல்லாத வெள்ளை நாய்களில் சிலவற்றுக்கு உட்காதிலும் அந்த உயிரணுக்கள் இல்லாமற் போய்விடுகின்றன. அவை பிறவிச் செவிடாகின்றன. குட்டி தூங்கும்போது, காற்றுப் படாத தொலைவில் நின்று கை தட்டிப் பாருங்கள். காது அசைகிறதா? ஒரு காது மட்டும் கேளாத குட்டியை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே நல்லது. காது கேளாத நாயையும் கையசைவுகளால் பழக்கி அன்பாக வளர்க்கலாம். ஆனால் அதைத் தெரிந்துகொண்டு வளர்க்க வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

நாய் இருக்கும் நண்பர் வீட்டில் ஒரு வாரம் குறிப்பேடு எழுதுங்கள். ஒவ்வொரு குரைப்புக்கும் மணி என்ன, யார் வந்தார், எவ்வளவு நேரம் குரைத்தது, எப்படி நின்றது என்று நான்கு பத்தி போடுங்கள். எல்லோரும் வெளியே போகும்போது கைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, முதல் அரை மணி நேரத்தை மட்டும் பிறகு கேளுங்கள். வார முடிவில் எச்சரிக்கைக் குரைப்பு எத்தனை, தனிமைக் குரைப்பு எத்தனை என்று கூட்டுங்கள். நண்பரின் பெற்றோருக்கே வியப்பாக இருக்கும்.

இரண்டாவது சோதனைக்கு இரண்டு வெப்பமானிகள் வேண்டும். ஒன்றின் குமிழில் ஈரத் துணியைச் சுற்றுங்கள். இரண்டையும் நிழலில், காற்றோட்டத்தில் வையுங்கள். உலர்ந்த நாளில் ஈர வெப்பமானி பல டிகிரி குறைத்துக் காட்டும். புழுக்கமான நாளில் இரண்டும் நெருங்கி வந்துவிடும். அப்படி நெருங்கும் நாளில், வெப்பமும் மிகுந்திருந்தால், நாயை ஓடவிடாதீர்கள்.

அப்படியானால் விடை?

மாடி வீட்டில் இராஜபாளையம் வளர்க்கலாமா? பகலில் வீட்டில் ஆள் இருந்தால், தினம் இரு வேளை நடத்த ஒருவர் உறுதி சொன்னால், குட்டியிலிருந்தே மாடிப்படி ஓசைக்குப் பழக்கினால், வளர்க்கலாம். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம். வீடு பெரிதாக இருந்தாலும் வேண்டாம்!

ஓர் இனத்தின் பெயரைக் கேட்டு ஒரு நாயின் குணத்தை முழுதும் சொல்லிவிட முடியாது. பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்போரிடம் கேட்டறிந்த ஓர் அமெரிக்க ஆய்வு 2022ஆம் ஆண்டில் வெளிவந்தது. நாய்க்கு நாய் காணப்படும் குண வேறுபாட்டில் இனத்தால் விளங்குவது சராசரி நூற்றுக்கு 9 பங்குதான் என்று அது கண்டது. ஆகவே மாடி வீட்டாருக்கு இன்னொரு நல்ல வழி உண்டு. வளர்ந்து, குணம் தெரிந்த ஒரு நாட்டு நாயைத் தத்தெடுக்கலாம். அது எவ்வளவு குரைக்கும் என்பதை முன்பே பார்த்துக்கொள்ளலாம். நம் வெயிலும் அதற்குப் பழக்கம்.

இனி உங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வந்தால் சதுர அடியை அளக்காதீர்கள். பகலில் வீட்டில் யார் இருப்பார், காலையில் யார் நடத்துவார், அடுத்த சன்னல் எத்தனை மீட்டர் என்று மூன்று கேள்விகளைத் தாளில் எழுதி, விடைகளையும் எழுதுங்கள். நாய்க்குட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதற்காகவும் சேர்த்து நீங்கள்தான் நேர்மையாக விடை எழுத வேண்டும்.